மணப்பாடும் நம் பாடும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், பரளச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நெய்தலும் நாமும்' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. கண்மாய் நிறைந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணும் ஊரில் கடலைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னர், இவ்வுரைக்காக வட்டத்தின் கவியரங்க ஏடுகளை வாங்கிப் புரட்டினேன். வியப்பாக இருந்தது. கரிசலைப் பாடிய பாடல்களுக்குக் குறையாமல் கடலைப் பாடிய பாடல்களும் அவற்றில் இருக்கின்றன. வாழ்க்கை கடல், துன்பம் அலை, காதலியின் மனம் ஆழம், தலைவர் கலங்கரை விளக்கம். ஆனால் அத்தனை பாடல்களிலும் தேடினேன், ஒரு மீனின் பெயர்கூட இல்லை. ஒரு வலையின் பெயர் இல்லை. ஒரு காற்றின் பெயர் இல்லை.

கவிஞர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இக்குற்றத்தை முதலில் செய்தவள் நான் என்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன்.

வகுப்பறையில் நான் கற்ற பாடம்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நெய்தல் திணைக்கென ஓர் இயல் உண்டு. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு, கலித்தொகையில் நல்லந்துவனாரின் நெய்தற்கலி, நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகியவற்றின் நெய்தற் பாடல்கள் என எல்லாவற்றையும் பார்த்துக் கருப்பொருள்களை அட்டவணையிட்டிருந்தேன். புன்னை எத்தனை இடம், தாழை எத்தனை இடம், நாரை எத்தனை இடம் என்ற கணக்குப் பிழையின்றி இருந்தது. வாய்மொழித் தேர்வில் பாராட்டும் கிடைத்தது. அவ்வியலை எழுதி முடிக்கும்வரை நான் கடலைக் கண்டது இரண்டே முறை. இரண்டும் திருச்செந்தூருக்கு நீராடச் சென்ற போது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். கடலுக்குச் சென்றவன் திரும்பி வருவானோ என்று கரையில் நின்று வருந்துவது என, வழிவழியாகச் சொல்லும் விளக்கத்தையே நானும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். மணப்பாட்டுக்கு அருகே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள்.

"அம்மா, எங்க ஊர்ல கடலுக்குப் போன ஆளை நினைச்சுக் கரையில நின்னு அழ யாருக்கும் நேரம் கிடையாதும்மா. மரம் கரைக்கு வர்றதுக்குள்ள உப்பு, ஓலைப்பாய் எல்லாம் எடுத்துவைக்கணும். அழுகிற நாள் தனியா வரும். அன்னைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

வகுப்பு அமைதியாயிற்று. நான் பேச்சை வேறு பக்கம் திருப்பி அன்றைய பாடத்தை முடித்தேன். ஆயினும் அன்றிரவு பாடல்களை மீண்டும் எடுத்தேன். அப்போதுதான், நான் எவ்வளவு தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது விளங்கியது.

நெய்தற் பாடல்களில் தலைவி பெரும்பாலும் பரதவர் மகள். அவள் எண்ணி வருந்தும் தலைவன் கட்டுமரம் ஏறிச் சென்ற மீனவன் அல்லன். அவன் சேர்ப்பன், துறைவன், கொண்கன் எனப்படும் தலைமகன். மணி ஒலிக்கத் தேரேறி வருபவன். கடலுக்குச் செல்வோர் அவளுடைய தந்தையும் தமையன்மாரும். அவர்கள் வலை வீசுகிறார்கள். இரவில் படகில் விளக்கேற்றி மீன் பிடிக்கிறார்கள். கிழிந்த வலையைக் கரையில் அமர்ந்து சரிசெய்கிறார்கள். பெண்கள் மீனை உணக்குகிறார்கள். அதைக் கவர வரும் புள்ளை ஓட்டுகிறார்கள். உமணர் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றுகிறார்கள். அந்த உமண்வண்டிகள் வறண்ட வழிகளில் வந்த காட்சிகளைப் பாலைப் பாடல்களிலும் காண்கிறோம். நம்மைப் போன்ற வறண்ட நிலத்தாருக்கும் கடலுக்குமான உறவு அன்றே உப்பால் எழுதப்பட்டது எனலாம்.

மாணவியின் தாய் எடுத்துவைத்த உப்பும் ஓலைப்பாயும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டில் இருந்திருக்கின்றன. சங்கப் புலவர்கள் உழைப்பைக் கண்டு எழுதினார்கள். உரிப்பொருளை மட்டும் தேர்வுக்கு வைத்துக்கொண்டு உழைப்பைக் கைவிட்டவர்கள் பிற்கால ஆசிரியர்களாகிய நாங்கள். எங்களிடம் பயின்ற கவிஞர்களாகிய நீங்கள் அலையை மட்டும் எடுத்துச் சென்றீர்கள்.

மணப்பாட்டு முனை

அவ்வாண்டு கோடை விடுமுறையில் அம்மாணவியின் வீட்டார் அழைக்க, நான் மணப்பாடு சென்றேன். நம் பகுதியிலிருந்து அது ஒன்றும் நெடுந்தொலைவு அன்று. அருப்புக்கோட்டையில் பேருந்தேறிப் பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி, அங்கிருந்து திருச்செந்தூர், அதற்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், அதையடுத்து மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர்.

ஊருக்குக் கிழக்கே கடலை நோக்கி நீண்டு நிற்கும் ஒரு மணற்கற்குன்று. காற்றும் கடலும் குவித்த மணல், சுண்ணாம்புப் பிணைப்பால் இறுகிக் கல்லானது. உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அருகே கலங்கரை விளக்கம். கடலைப் பார்த்த சரிவில் ஒரு குகை. கருமேனியாறு இவ்வூர்ப் பக்கத்தில்தான் கடலோடு கலக்கிறது. நம் குண்டாற்றைப் போலவே ஆண்டில் பெரும்பகுதி வறண்டு, மழைக்காலத்தில் மட்டும் தன்னை ஆறென்று நினைவூட்டும் ஆறு அது. அதன் வாயருகே மணல்திட்டும் காயலும் அமைந்திருக்கின்றன.

முத்துக்குளித்துறையில் பரதவரின் ஏழு கடற்றுறை எனப் போற்றப்படும் ஊர்களுள் மணப்பாடும் ஒன்று. 1535 முதல் 1537 வரையான காலத்தில் இக்கரைப் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1542இன் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். முனையின் குகையில் அவர் தங்கியிருந்தார் என்பது ஊர் மரபு. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமி ஒருவர் தம் கப்பலின் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கிக் குன்றில் நட்டார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. ஆலயம் 1581இல் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அன்று திருச்சிலுவைப் பெருவிழா நடைபெறுகிறது.

குகையினுள் ஒரு கிணறு உண்டு. அலையின் ஓசை காதில் விழும் தொலைவில் இருந்தும் அதன் நீர் உப்புக் கரிப்பதில்லை. திருச்செந்தூரின் நாழிக்கிணறும் அவ்வாறே. கடலோரத்தில் நன்னீர் ஊறுகிறது. கடலே இல்லாத நம் பக்கத்தில் பல கிணறுகள் உவர்நீர் தருகின்றன. இயற்கையின் இந்த விளையாட்டை எண்ணியவாறு அங்கே நெடுநேரம் நின்றேன்.

தமிழ் படித்தவர்கள் இக்கரையை வணங்கவேண்டிய காரணம் ஒன்றும் உண்டு. தமிழ் நூல் அச்சேறிய வரலாறு இம்மக்களிடமிருந்து தொடங்குகிறது. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் வினாவிடை நூல் ஒன்று அச்சாயிற்று. 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில், 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' அச்சேறியது. இவற்றுள் பின்னிரண்டையும் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் இக்கரையில் அரைநூற்றாண்டுக் காலம் வாழ்ந்து, பரதவர் வாய்மொழியிலிருந்து தமிழ் கற்று, 1600இல் மறைந்தவர். அப்பணிக்குப் பரதவர் பொருளும் உதவியது. நெய்தல் மக்கள் நமக்குப் பாடுபொருளாக மட்டும் இருந்தவர்கள் அல்லர். நம் கையில் இருக்கும் அச்சு நூலுக்கே முன்னோடிகள்.

அண்டை ஊர்களும் திணை மயக்கமும்

முனைமேல் நின்று இருபுறமும் நோக்கினால் கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் எழுகின்றன. வடக்கே குலசேகரன்பட்டினம், ஆலந்தலை, திருச்செந்தூர். தெற்கே பெரியதாழை, அதற்கப்பால் உவரி.

திருச்செந்தூரை அலைவாய் என்று திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் குறித்தார். குறிஞ்சிக் கடவுள் மலையை விட்டு வந்து நெய்தற் கரையில் நிற்கிறான். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா விழாவுக்கு நேர்ந்துகொண்டு வேடமிட்டுச் செல்வோர் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அடுத்த ஊரிலேயே சிலுவைக் குன்று. கடலிலிருந்து சற்றே உள்ளே நடந்தால் செம்மணல் தேரி. பனை தவிர வேறு நிழல் அரிது. பாலைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பனையின் ஓலையை மணப்பாட்டுப் பெண்கள் பெட்டியாகவும் கூடையாகவும் முடைந்து விற்கிறார்கள். நெய்தல் வீட்டுத் திண்ணையில் பாலையின் பொருள் கைத்தொழிலாகிறது.

தொல்காப்பியர் நிலங்களைப் பகுத்ததோடு திணை மயங்கும் என்றும் சொல்லிவைத்தார். தேர்வுக்காக நாம் பகுப்பை மனப்பாடம் செய்தோம், மயக்கத்தை மறந்தோம். மணப்பாட்டைச் சுற்றிய பத்துப் பன்னிரண்டு கல் தொலைவில் குறிஞ்சியின் தெய்வமும் பாலையின் மரமும் நெய்தலின் தொழிலும் கூடி வாழ்கின்றன.

கரையிலிருந்து கடல், கடலிலிருந்து கரை

முனையில் என்னோடு வந்தவர் மாணவியின் பாட்டனார். எண்பதை நெருங்கியவர். நான் ஆலயத்தின் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இது கணியம், தாயி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைத்திட்டு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். நீரின்மேல் அதற்கு அடையாளம் ஒன்றும் இராது. ஆகவே கடலில் நின்றபடி கரையைப் பார்ப்பார்கள். முன்னே தெரியும் கோயிற் கோபுரமும் பின்னே தெரியும் உயர்ந்த பனையும் ஒரே நேர்கோட்டில் வந்தால் அது ஒரு கணக்கு. பக்கவாட்டில் வேறோர் ஊரின் ஆலயமும் ஒரு மணல்மேடும் நேராக வந்தால் அது மற்றொரு கணக்கு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நங்கூரம் போட்டால் அடியில் பார் இருக்கும். தந்தை மகனுக்குச் சொல்லிய இக்கணக்குகள் ஏட்டில் எழுதப்படாதவை. ஓர் ஊரார் மற்றோர் ஊராருக்கு எளிதில் சொல்லாதவை.

அவையோரே, அந்த நேரத்தில்தான் நம் கவிதைகளின் குறை என்ன என்பது எனக்குப் புலனாயிற்று. நம் பாடல்கள் எல்லாம் கரையில் நின்று கடலைப் பார்த்தவன் பாடல்கள். அந்த முதியவர் வாழ்நாள் முழுவதும் கடலில் நின்று கரையைப் பார்த்தவர். நமக்கு உவமையாகும் கலங்கரை விளக்கம் அவருக்கு அளவுகோல். நமக்கு எல்லையற்ற பரப்பாகத் தோன்றும் கடல் அவருக்குப் பொழியும் வரப்பும் கண்ட வயல்.

காற்று ஒன்று, பாடு இரண்டு

அவரிடம் காற்றின் பெயர்களைக் கேட்டேன். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கடலினுள் ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். எத்திசையிலிருந்து ஓடுகிறது என்பதற்கேற்ப அதற்கும் தனிப்பெயர்கள் உள்ளன.

கச்சான் என்பது என்ன? ஆடி மாதத்தில் நம் கரிசலில் புழுதியை வாரி வீசும் அதே மேல்காற்றுத்தான். நம் கண்ணில் மண்ணை இறைத்துவிட்டுச் செல்லும் காற்று, அங்கே போய்க் கடலைக் கலக்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் செம்மணலை வாரித் தேரியாகக் குவித்ததும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழைக்காக நாம் வானத்தைப் பார்த்து நிற்கிறோம். அந்த மழை வலுத்து நம் கண்மாய் மறுகால் பாயும் நாளில் அவர்களுடைய வல்லங்கள் கரையில் கிடக்கின்றன. நமக்கு அடுப்பெரியத் தொடங்கும் நாள் அவர்களுக்கு அடுப்பணையும் நாளாகிறது. வானம் ஒன்றுதான்; நம்பிக்கை கட்டிய இருவருக்கும் அது ஒரே நாளில் அருளுவதில்லை.

சொற்களும் அப்படித்தான். மரம் என்றால் நமக்கு வேம்பு, அவர்களுக்குக் கட்டுமரம். மடி என்றால் நமக்குப் பசுவின் மடி. அவர்களுக்கு வலையின் பை. கரை என்றால் நமக்குக் கண்மாய்க்கரை. பாடு என்ற சொல்லைப் பாருங்கள். உழைப்பை நாம் பாடு என்கிறோம். துன்பத்தையும் பாடு என்கிறோம். அவர்களுக்கு வலையில் அகப்பட்ட மீன்தான் பாடு. 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கேட்டால் மீன் கிடைத்ததா என்று பொருள். இலக்கணத்தார் நெய்தலுக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் படும் வேளை, ஞாயிறு சாயும் பொழுது என்று உரைகாரர் கொண்டனர். காலை எனப் பொருள் கொண்டாரும் உளர். மணப்பாடு என்ற ஊர்ப்பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கிறது. உழைப்பு, துன்பம், விளைவு மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்கள், கடலோரத்தில் இருந்தாலென்ன, கரிசலில் இருந்தாலென்ன, உறவினரே.

சொற்கள் போகும் வழி

இப்போது நான் கவலையோடு சொல்லவேண்டிய பகுதிக்கு வருகிறேன். முதியவரின் பேரன், என் மாணவியின் அண்ணன், கணியம் பார்ப்பதில்லை. அவன் படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாரின் இடம் தெரிகிறது. அதனால் உயிர் காக்கப்படுகிறது, எண்ணெய் மிச்சமாகிறது. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தாத்தாவின் கணக்குகளைப் பேரன் கேட்டுவைக்கவில்லை. அவர் போனால் அவையும் போகும்.

நம் ஊரில் நடந்ததும் இதுதானே? மின்மோட்டார் வந்தது, கமலை நின்றது. கமலையோடு சால், தும்பி, வடக்கயிறு, வால்கயிறு என்ற சொற்களும் நின்றன. நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குப் புழுதி உழவு என்றால் தெரியும்? கலுங்குக்கும் மடைக்கும் வேறுபாடு சொல்ல எத்தனை பேரால் இயலும்?

மணப்பாட்டின் அண்டை ஊர்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆலந்தலை, பெரியதாழை போன்ற ஊர்களில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்ற குரல் பல காலம் ஒலித்தது. குலசேகரன்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தேரியோரத்திலிருந்து வானுக்கு ஏவுகலம் செல்லவிருக்கும் காலம் இது. புதிய சொற்கள் வரட்டும். பழைய சொற்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இலக்கியத்தில் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. வண்ணநிலவன் பரதவர் குலத்தவர் அல்லர். எனினும் மணப்பாட்டைக் களமாகக் கொண்டு 'கடல்புரத்தில்' நாவலை 1977இல் தந்தார். வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையே ஒரு குடும்பம் உடைவதை அவர் காட்டினார். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' நாவலையும், பின்னர் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை' நாவலையும் எழுதினார். வெளியிலிருந்து சென்றவர் காதுகொடுத்துக் கேட்டு எழுதினார். உள்ளே பிறந்தவர் தம் மக்களின் மொழியிலேயே எழுதினார். இரண்டு வழியும் நமக்குத் திறந்தே இருக்கின்றன. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையே தொகுத்தளித்தார். இடைசெவலில் ஒருவர் செய்ததைத் திருச்சுழி வட்டாரத்தில் நாம் பலர் கூடிச் செய்யக்கூடாதா?

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

கடலைப் பாடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடுங்கள். பாடுவதற்கு முன் ஒருமுறை சென்று, மரம் கரையேறும் விடியலில் ஏலம் கூறும் இடத்தில் நின்று, மீன்களின் பெயரைக் கேளுங்கள். சாளையையும் சீலாவையும் விளைமீனையும் வேறுபடுத்தி அறிந்தபின் உங்கள் உவமையில் தானே உப்பு ஏறும்.

அதைவிட முதன்மையானது ஒன்று. நம் வட்டம் பதினோராம் ஆண்டில் கால் வைக்கிறது. இனி ஒவ்வொரு திங்கள் கூட்டத்துக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் கவிதையோடு தம் வீட்டு முதியவரிடமிருந்து கேட்டறிந்த ஐந்து சொற்களையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். உழவுச் சொல், நெசவுச் சொல், கண்மாய்ச் சொல், அடுப்படிச் சொல், எதுவாயினும் சரி. பொருளோடும், யார் எப்போது சொல்வார்கள் என்ற குறிப்போடும் இருக்கவேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அத்தொகுப்பு இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். என் வீட்டிலிருந்து முதல் ஐந்து சொற்களை இன்றே அமைப்பாளரிடம் தந்துவிட்டுச் செல்கிறேன். அவை என் அம்மா சொன்னவை. எண்ணிப் பார்த்தால், ஆய்வேட்டுக்காக ஓராயிரம் பாடல்களை ஆராய்ந்த நான், அம்மாவிடம் சொற்களைக் கேட்டு எழுதியது இதுவே முதல் முறை.

விடைபெறும்போது முதியவர் எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு தந்தார். "உங்க ஊர் மொளகாய் போட்டு வைங்க, தாயி, அதுக்கு அதுதான் சேரும்" என்றார். அவருடைய உப்பும் நம் உறைப்பும் ஒரே சட்டியில் கொதித்த அன்று, நெய்தலை நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்லி அமைகிறேன்.